ஓ.பி. வாசலில் நிழலும் அடையாளமும்: எந்தக் கூரை எந்த ஊருக்கு?

அரசு மருத்துவமனை வாசலில் எந்நேரமும் ஒரு கூட்டம் இருக்கும். ஓ.பி. சீட்டுக்கு நிற்பவர்கள், வார்டுக்குள் விடாததால் வெளியே உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரர்கள், ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை சாப்பாட்டுத் தூக்கோடு காத்திருப்பவர்கள். இவர்களுக்கு முதல் தேவை நிழல். இரண்டாவது தேவை, முதல் தடவை வருகிறவருக்குப் போனில் வழி சொல்ல ஓர் அடையாளம். "பெரியாஸ்பத்திரி, ரெண்டாவது கேட், வேப்பமரத்துக்கு எதிரே வாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்த வளாகங்களில் இப்போது ஒரே மாதிரி நான்கு பிளாக், ஒரே மாதிரி அலுமினிய முகப்பு. எந்த வாசல் எது என்று உள்ளே வேலை செய்பவர்களுக்குத்தான் தெரியும்.

ஊர்ப் பெரியவர்களோ, ஒரு நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியோ "வாசலில் கலைப்படைப்பு வைத்துத் தருகிறோம்" என்று வரும்போது அது பெரும்பாலும் நடுவில் ஒரு சிலை, சுற்றிலும் நீரூற்று, அதைச் சுற்றிக் கம்பி வேலி என்று முடியும். வேலிக்கு வெளியே ஜனங்கள் வெயிலில் நிற்பார்கள். அந்தப் பணத்தைக் கூரைக்குப் போட்டு, அந்தக் கூரையையே கலைப்படைப்பாகச் செய்வது எப்படி என்பதுதான் இங்கே பேச்சு. ஏறக்குறைய 20 மீட்டருக்கு 15 மீட்டர் முன்முற்றம் உள்ள ஒரு தமிழ்நாட்டு மருத்துவமனையை மனதில் வைத்து ஐந்து வழிகளை ஒப்பிடலாம்: சுவரோவியம், டென்சைல் துணிக்கூரை (கம்பத்துக்கும் கம்பிவடத்துக்கும் நடுவே விறைப்பாக இழுத்துக் கட்டும் துணி), துளையிட்ட உலோகத் தகடு, மொசைக் ஒட்டிய கான்கிரீட், மரங்கள். முடிவை இப்போதே சொல்லிவிடுகிறோம். கடற்கரை மாவட்டம் என்றால் கான்கிரீட்டும் மொசைக்கும். மதுரை, கோவை மாதிரி உள்மாவட்டம் என்றால், வருடாவருடம் பராமரிக்க ஆள் உண்டு என்ற உறுதி இருந்தால் மட்டும் டென்சைல். மரம் எல்லா ஊரிலும், முதல் நாளிலிருந்து.

நிழல் எங்கே விழும்?

கூரையை எங்கே போடுகிறோமோ அங்கேதான் நிழல் விழும் என்று நினைத்து வரைபடம் போடுவதுதான் இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் தவறு. ஓ.பி. கூட்டம் காலைக் கூட்டம். சென்னையில் ஏப்ரல் கடைசியில் காலை 8 மணிக்குச் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 30 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். கூரை 4.5 மீட்டர் உயரம் என்றால் அதன் நிழல் மேற்கே கிட்டத்தட்ட 8 மீட்டர் தள்ளி விழும். 9 மணிக்கு 4.5 மீட்டருக்குச் சற்றுக் கூடுதல், 10 மணிக்கு 2.7 மீட்டர். ஆக, 6 மீட்டர் அகலக் கூரையை வரிசைக்கு நேர் மேலே போட்டால் 8 மணிக்கு வரிசை முழுக்க வெயிலில் நிற்கும், நிழல் பக்கத்து சைக்கிள் ஸ்டாண்டில் கிடக்கும். கூரையைக் கிழக்கே நகர்த்த வேண்டும், அல்லது கிழக்கு ஓரத்தில் தாழ்வாக ஒரு தட்டியோ பாதிச் சுவரோ இறக்க வேண்டும்.

வடக்குப் பார்த்த வாசலில் வெயில் வராது என்ற நம்பிக்கையும் இங்கே செல்லாது. சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே நகர்ந்துவிடும். ஜூன் 21 அன்று ஏறக்குறைய 10 டிகிரி வடக்கே நிற்கும்.

கணக்கு போட ஆள் இல்லாவிட்டால் ஒரு வழி: ஏப்ரலில் ஒரு நாள், உத்தேசக் கூரை உயரத்துக்கு ஒரு மூங்கிலைக் கூரையின் நான்கு மூலையிலும் மாற்றி மாற்றி நிறுத்தி, 8, 9, 10 மணிக்கு நிழல் நுனியைச் சுண்ணாம்பால் குறியுங்கள். நான்கு புள்ளிகளைச் சேர்த்தால் அந்த நேரத்து நிழல் தரையிலேயே வரைந்து கிடக்கும். கலைஞரைக் கூப்பிடுவதற்கு முன்னால் இது முடிந்திருக்க வேண்டும். உருவம் முடிவான பிறகு கூரையை 5 மீட்டர் நகர்த்தச் சொன்னால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

உயரத்தில் இரண்டு தேவைகள் மோதும். தீயணைப்பு வண்டி உள்ளே வர தேசியக் கட்டிட விதிகள் 6 மீட்டர் அகலமும், வாசலுக்கு மேலே கட்டுமானம் இருந்தால் 4.5 மீட்டர் தலையுயரமும் கேட்கின்றன. ஆனால் வடகிழக்குப் பருவமழை சாய்ந்து அடிக்கும். 45 டிகிரியில் சாய்ந்தால் 4.5 மீட்டர் உயரக் கூரைக்குக் கீழே ஓரத்திலிருந்து 4.5 மீட்டர் உள்வரை நனையும், அதாவது 6 மீட்டர் கூரையில் ஒன்றரை மீட்டர்தான் காய்ந்திருக்கும். அதனால் ஒரே உயரத்தில் ஒரே கூரை என்ற எண்ணத்தையே விட்டுவிடுவது நல்லது. வண்டி போகும் பாதைக்கு மேலே 4.5 மீட்டருக்குக் குறையாமல் ஒன்று, ஆள் உட்காரும் இடத்துக்கு மேலே 2.7 முதல் 3 மீட்டரில் இன்னொன்று. தாழ்ந்த கூரை உயர்ந்ததுக்கு அடியில் அரை மீட்டராவது நுழைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டுக்கும் நடுவில் மழை கொட்டுகிற இடத்தில்தான் ஸ்ட்ரெச்சர் இறங்கும்.

காற்று எந்தப் பொருளைத் தேர்ந்தெடுக்கிறது

திறந்த கூரைக்குக் கீழே சுவர் இல்லை. காற்று அடியில் புகுந்து மேலே தூக்கும். காற்றுச் சுமைக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதியின்படி அடிப்படைக் காற்று வேகம் மதுரைக்கும் கோவைக்கும் விநாடிக்கு 39 மீட்டர், திருச்சிக்கு 47, சென்னைக்கு 50. அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். மதுரையில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 910 நியூட்டன் என்றால் சென்னையில் 1,500. இதோடு முடியவில்லை. 2015-இல் திருத்திய பதிப்பு, கடற்கரையிலிருந்து 60 கிலோமீட்டருக்குள் இருக்கும் மருத்துவமனை போன்ற, புயலுக்குப் பிறகும் இயங்க வேண்டிய கட்டிடங்களுக்கு வேகத்தை 1.3-ஆல் பெருக்கச் சொல்கிறது. அப்போது 2,535 நியூட்டன், அதாவது சதுர மீட்டருக்கு சுமார் 258 கிலோ. மதுரைக் கணக்கைப் போல 2.8 மடங்கு. நிலத்தின் அமைப்பு, உயரம், கூரைச் சாய்வு பொறுத்து வடிவமைப்புப் பொறியாளர் இதைக் கூட்டிக் குறைப்பார். ஒப்பீட்டுக்கு இந்த எண் போதும்.

100 சதுர மீட்டர் துணிக்கூரையின் துணி எடை சுமார் 100 கிலோ. அதைக் காற்று 25 டன் விசையோடு மேலே இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், வெறும் எடையால் மட்டும் பிடித்து நிறுத்த மண்ணுக்குள் 10 கன மீட்டருக்கு மேல் கான்கிரீட் போட வேண்டும். பாதுகாப்புக் காரணி இன்னும் சேர்க்கவில்லை. "டென்சைல் இலகுவானது, செலவு குறைவு" என்று காட்டும் கொட்டேஷன்களில் பலமுறை இந்த அஸ்திவாரம் "வாடிக்கையாளர் பொறுப்பு" என்று கடைசி வரியில் சின்ன எழுத்தில் இருக்கும். இன்னொரு பக்கம், 100 மி.மீ. கான்கிரீட் தளம் சதுர மீட்டருக்கு 250 கிலோ. சென்னைக் காற்றுக்குத் தன் சொந்த எடையாலேயே கிட்டத்தட்ட ஈடுகொடுக்கும். கடற்கரையில் கான்கிரீட் என்று மேலே சொன்னதற்கு முதல் காரணம் இதுதான்.

சுவரோவியம்

மலிவு, வேகம், படம் எடுத்துப் போட அழகு. சென்னை கண்ணகி நகரில் குடியிருப்புச் சுவர்களில் வரைந்த பெரிய ஓவியங்கள் அந்த இடத்தைப் பற்றிய பேச்சையே மாற்றியதைப் பார்த்துவிட்டு மருத்துவமனைகளும் இதைக் கேட்கின்றன. அடையாளம் கிடைக்கும். நிழல் கிடைக்காது. அதனால் இது தனித் தெரிவு ஆகாது, வேறொன்றோடு சேர்த்துச் செய்ய வேண்டியது.

செய்வதானால் மூன்று விஷயம். புதுப் பூச்சு 28 நாள் காய வேண்டும். அதற்கு முன் அடித்தால் சிமென்டின் காரம் நிறத்தைத் தின்றுவிடும், காரம் தாங்கும் பிரைமரும் முழுதாகக் காப்பாற்றாது. இரண்டு, இரும்பு ஆக்ஸைடு காவி, மஞ்சள் மண் நிறங்கள் வெயிலுக்கு நிற்கும். பளீர் மெஜந்தாவும் ஊதாவும் முதலில் வெளுக்கும். மேற்குச் சுவரில் முகம் வரைந்தால் சில வருடத்தில் உதடு மட்டும் காணாமல் போகும். மூன்று, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் வரை ஓவியம் வேண்டாம். அந்த உயரம் பான் எச்சிலுக்கும், சாய்ந்து உட்காரும் முதுகுக்கும், இரங்கல் போஸ்டருக்கும் உரியது. அங்கே கிரானைட்டோ டைல்ஸோ ஒட்டிவிட்டு மேலே வரையச் சொல்லுங்கள்.

டென்சைல்

இதன் அழகு உண்மையானது. பகலில் வெள்ளைத் துணி பத்தில் ஒரு பங்கு போல வெளிச்சத்தை உள்ளே விடும், அடியில் விளக்குத் தேவைப்படாது. இரவில் அடியிலிருந்து விளக்குப் போட்டால் கூரை முழுக்க ஒளிரும், ஆம்புலன்ஸ் டிரைவர் தெருமுனையிலிருந்தே வாசலைப் பார்ப்பார். இரவு அடையாளம்தான் முக்கியம் என்றால் மற்ற நான்கும் இதற்குப் பின்னால்தான்.

துணியில் மூன்று வகை பேசுவார்கள். பச்சை நிழல்வலை: மழை ஒழுகும், மருத்துவமனைக்கு உதவாது. பி.வி.சி. பூசிய பாலியஸ்டர்: நல்ல மேல்பூச்சு இருந்தால் 15 வருடம் எதிர்பார்க்கலாம், இங்கே பெரும்பாலும் இதுதான். பி.டி.எஃப்.இ. (டெஃப்ளான்) பூசிய கண்ணாடியிழை: 25 வருடத்துக்கு மேல் நிற்கும், ஆனால் மடித்தால் இழை முறியும், பொருத்தப் பழகிய ஆள் வேண்டும்.

கெட்டுப்போவது எப்போதும் ஒரே இடத்தில்: தட்டையாக விட்ட பகுதியில். துணி எந்தப் புள்ளியிலும் ஒரு திசையில் மேல்நோக்கியும் குறுக்குத் திசையில் கீழ்நோக்கியும் வளைந்திருக்க வேண்டும், குதிரைச் சேணம் மாதிரி. தட்டையாக விட்டால், முதல் ஒன்றிரண்டு மாதத்தில் துணி இழுவை தளர்ந்ததும் அங்கே மழைநீர் குளமாகும். நீரின் எடை பள்ளத்தைப் பெரிதாக்கும், பெரிதான பள்ளம் இன்னும் நீரைப் பிடிக்கும், கடைசியில் தையலோ மூலைத் தகடோ கிழியும். கிழியாவிட்டால் இன்னொரு ஆபத்து: ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். டெங்கு வார்டுக்கு எதிரிலேயே கொசு வளர்க்கும் கூரை வேண்டாம். எந்த இடத்திலும் சாய்வு 15 டிகிரிக்குக் குறையக் கூடாது என்று எழுதி வாங்குங்கள். பொருத்தி மூன்று முதல் ஆறு மாதத்தில் ஒருமுறை டர்ன்பக்கிளை (கம்பிவடத்தை இறுக்கும் திருகு) திருகி மறு இழுவை கொடுக்க வேண்டும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறை, செப்டம்பருக்குள். இதை யார் செய்வது என்ற பெயர் ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் டென்சைல் போடாதீர்கள்.

துணியில் ஓவியத்தை அச்சடிக்கலாமே என்று எல்லாருமே கேட்பார்கள். அச்சு நிறம் துணிக்கு முன்னால் செத்துவிடும். டென்சைலில் கலை என்பது வடிவம்தான், மிஞ்சிப்போனால் ஓரப்பட்டையில் ஒரு நிறம். தீபாவளி ராக்கெட் விழுந்து பொத்தலாவது நடக்கும். அதே துணியில் 2 சதுர மீட்டர் மிச்சம் வாங்கி வைத்தால் சூடான காற்றுத் துப்பாக்கியால் ஒட்டுப்போடலாம். கட்சிக் கொடியையும் பேனரையும் ஓரக் கம்பிவடத்தில் கட்டுவது நடக்காது என்று நினைக்க வேண்டாம், முதல் திறப்பு விழாவிலேயே நடக்கும். கொடி கட்டத் தனிக் கம்பம் நட்டுவிடுவது மலிவு.

துளையிட்ட தகடும் வண்ணப் பலகையும்

கோலப் புள்ளி, வேப்பிலை, மீன் என்று உருவம் வெட்டிய தகட்டை எஃகுச் சட்டத்தில் வைத்தால் தரையில் நிழலே சித்திரமாக விழும். வரைபடத்தில் எல்லாருக்கும் பிடித்துப்போவது இதுதான். நடைமுறையில் சிக்கல் அதிகம்.

துளை வழியாக மழை விழும். அதனால் மேலே பாலிகார்பனேட் (வெளிச்சம் விடும் பிளாஸ்டிக்) பலகை போடுவார்கள். அது 3 மீட்டர் நீளத்துக்கு 40 டிகிரி சூடு வித்தியாசத்தில் ஏறக்குறைய 8 மி.மீ. நீளும். திருகு ஓட்டையைச் சரியான அளவில் போட்டால் பலகை விரிய இடமில்லாமல் ஓட்டையைச் சுற்றி வெடிக்கும். ஓட்டையைப் பெரிதாக்கி, ரப்பர் வாஷர் வைத்து, இறுக்காமல் விட வேண்டும். இரட்டைச் சுவர்ப் பலகையின் முனையை நாடா ஒட்டி மூடாவிட்டால் உள்ளே பாசி பிடிக்கும், அதைக் கழுவ வழியே இல்லை. அடுத்தது புறா. 50 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால் தகட்டுக்கும் பலகைக்கும் நடுவில் குடியேறிவிடும். புறா எச்சத்தில் வளரும் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சை, எதிர்ப்புச் சக்தி குறைந்த நோயாளிகளுக்கு ஆபத்து. கீமோதெரபி எடுப்பவர்கள் நடக்கும் வாசலில் இதைச் சாதாரணமாக விட முடியாது.

கடற்கரையில் கார்டன் (Corten) எஃகு, அதாவது மேலே படியும் துருவே காப்பாக நிற்கும் எஃகு, வேண்டாம். உப்புக்காற்றில் அதன் துரு நிலைப்படாமல் தகட்டைத் தின்றுகொண்டே போகும், கீழே நிற்பவர் சட்டையில் காவிச் சொட்டும் விழும். 3 மி.மீ. அலுமினியத் தகடு, எஃகுச் சட்டத்துக்கு ஹாட் டிப் கால்வனைசிங், அதாவது உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுப்பது (5 மி.மீ.க்கு மேற்பட்ட எஃகில் சதுர மீட்டருக்கு 610 கிராம் துத்தநாகம்), இரண்டும் தொடும் இடத்தில் நைலான் வாஷர். வெட்டும் வெல்டிங்கும் எல்லாம் கால்வனைசிங்குக்கு முன்னால் முடிய வேண்டும். தளத்தில் வந்து வெல்டிங் வைத்தால் அந்தப் புள்ளியில்தான் துரு ஆரம்பிக்கும்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் தினமும் உறுத்தும்: தகட்டில் மழை அடிக்கும் சத்தத்தில் டோக்கன் நம்பர் கூப்பிடுவது கேட்காது.

மொசைக் ஒட்டிய கான்கிரீட்

நம் ஊர் மேஸ்திரிகளுக்கு இது புதிதில்லை. மொட்டைமாடியில் தட்டோடு பதிப்பதும், வெயில் தாங்க உடைந்த வெள்ளை டைல்ஸ் ஒட்டுவதும் தெரிந்த வேலை. அதையே வளைந்த கூரையில், நிறத்தோடு செய்ய வேண்டும். மருத்துவமனையில் இது எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு பார்சிலோனாவின் சான்ட் பாவ் மருத்துவமனை இருக்கிறது. லூயிஸ் டொமெனெக் இ மொன்டானெர் வடிவமைப்பில் 1902-இல் தொடங்கி 1930-இல் முடிந்த வளாகம். கூரை, சுவர், முகப்பு எங்கும் மொசைக்கும் பீங்கான் ஓடும். 1997-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது. 2009-இல் புதுக் கட்டிடத்துக்கு மாறும்வரை நோயாளிகள் அங்கேதான் படுத்திருந்தார்கள்.

உள்மாவட்டத்தில் ஃபெரோசிமென்ட் (கம்பி வலையில் சிமென்ட் கலவை அப்பிய மெல்லிய ஓடு) போதும். 6 மி.மீ. கம்பி 150 மி.மீ. கட்டத்தில், இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அடுக்கு கோழி வலை, ஒன்றுக்கு இரண்டு சிமென்ட் மணல், மொத்தத் தடிமன் 30 முதல் 40 மி.மீ. கலவையை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் அப்பினால் வலைக்குப் பின்னால் காற்றுப்பை நிற்கும். மறுபக்கம் ஓர் ஆள் பலகை பிடிக்க, இந்தப் பக்கம் அழுத்த வேண்டும். ஈரச் சாக்குப் போட்டு 14 நாள். கடற்கரையில் இதைச் செய்ய வேண்டாம். வலைக்கு மேல் கலவை மூடாக்கு 5 மி.மீ.கூட இருக்காது, உப்பு உள்ளே போய்விடும். அங்கே 100 மி.மீ. ஆர்.சி.சி. வளைவுத் தளம்தான்.

டைல்ஸ் தேர்வில் கவனம். சமையலறைச் சுவருக்கு விற்கும் டைல்ஸ் நீர் உறிஞ்சும், சில மழைக்காலத்தில் மேல்பூச்சில் முடிவிரிசல் விழும். விட்ரிஃபைடு உடைசலும், 20 மி.மீ. கண்ணாடி மொசைக்கும் நிற்கும். டைல்ஸுக்கு அடியில் பாலிமர் சிமென்ட் நீர்த்தடுப்பு இரண்டு கோட். ஒட்ட, சிமென்ட் பால் வேண்டாம், பாலிமர் கலந்த டைல் பசை. 4 மி.மீ. தடிமனுக்குச் சதுர மீட்டருக்கு 6 கிலோ போகும், 100 சதுர மீட்டருக்கு 20 கிலோ பை முப்பது. இடைவெளிக்கு வெள்ளை கிரவுட் போட்டால் ஒரு வருடத்தில் அழுக்குக் கோடாகும், சாம்பல் நிறம் போடுங்கள்.

3 மீட்டருக்கு ஒரு விரிவு இடைவெளி, 8 முதல் 10 மி.மீ. அகலத்தில், பாலியூரித்தேன் சீலன்ட் நிரப்பி. கலைஞர்களுக்கும் பொறியாளர்களுக்கும் சண்டை வருவது இங்கேதான், கோடு படத்தை வெட்டுகிறது என்பார்கள். கோட்டைப் போடாவிட்டால் கூரை தானே ஒரு கோடு போட்டுக்கொள்ளும், அது மயிலின் கழுத்து வழியாகப் போகும். அதனால் இடைவெளிக் கோடுகளை முதலில் வரைந்து கொடுத்துவிட்டு அதன் மேல் படம் கேளுங்கள். ஆற்றின் கரை, கிளையின் விளிம்பு என்று அவர்களே ஒளித்துவிடுவார்கள்.

கூரையின் அடிப்பக்கத்தில் மொசைக் ஒட்டவே கூடாது. பத்து வருடம் கழித்து ஒரு துண்டு விழும், அது காத்திருப்பவர் தலையில் விழும். அடிப்பக்கம் வெள்ளைப் பெயின்ட், மொசைக் தூணிலும் மேல்பரப்பிலும். மேலே ஒட்டினால் யார் பார்ப்பார்கள் என்று கேட்கலாம். இரண்டாம், மூன்றாம் மாடி வார்டில் படுத்திருப்பவர்கள் ஜன்னல் வழியாக நாள் முழுக்கப் பார்ப்பது போர்டிகோவின் மேல்பக்கத்தைத்தான். இப்போது அங்கே கறுத்த பாசியும், ஏ.சி. அவுட்டோர் யூனிட்டும், யாரோ எறிந்த இட்லிப் பொட்டலமும் கிடக்கும். ரோஜர் உல்ரிச் 1984-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வில், பித்தப்பை அறுவை செய்துகொண்ட 23 ஜோடி நோயாளிகளில், ஜன்னலில் மரம் தெரிந்தவர்கள் சராசரியாக 7.96 நாளில் வீடு திரும்பினார்கள், செங்கல் சுவர் தெரிந்தவர்கள் 8.70 நாளில். மொசைக் படம் மரத்துக்குச் சமம் என்று இதிலிருந்து சொல்ல முடியாது. ஜன்னலுக்கு வெளியே இருப்பது வீண் இடமில்லை என்று மட்டும் சொல்லலாம்.

வேலை நடக்கும்போது வாசலை மூட முடியாது என்பதற்கும் வழி உண்டு. 300 மி.மீ. சதுரக் காகிதத்தில் துண்டுகளை முகம் கீழாக வைத்துப் பட்டறையிலேயே ஒட்டி, எண் போட்டு, கொண்டுவந்து பதிக்கலாம். உருவப் பகுதிக்குத்தான் நேரம் பிடிக்கும், அது வளாகத்துக்கு வெளியே நடந்துவிடும். நர்சிங் மாணவிகளோ ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளோ கை வைக்க வேண்டும் என்றால் அதுவும் பட்டறையில்தான். தூணில் கை எட்டும் உயரத்தில் எல்லாத் துண்டின் விளிம்பையும் தேய்த்து மழுக்க வேண்டும், அதைச் சரிபார்க்க ஒரு பழைய பனியன் துணியால் துடைத்துப் பாருங்கள், நூல் மாட்டினால் தேய்ப்பு போதவில்லை.

மொத்தத்தில் செலவு முன்கூட்டியே வரும், பராமரிப்பு குறைவு. எடை அதிகம் என்பதால் பழைய போர்டிகோ மேல் அப்படியே ஏற்றக் கூடாது. திருப்பிக் கழற்றவும் முடியாது. நாளை அதே இடத்தில் புதுப் பிளாக் வருமென்றால் இது வேண்டாம்.

மரங்கள்

புங்கை, வேம்பு, பூவரசு, மகிழம். ஒரு மீட்டர் நீள அகல ஆழக் குழி, 6 முதல் 8 மீட்டர் இடைவெளி. உட்காரும்படி நிழல் கிடைக்க ஐந்தாறு வருடம். ஆலும் அரசும் கட்டிடத்தையொட்டி வேண்டாம். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. அடிமரம் வரை கான்கிரீட் போட்டு வேரை அமுக்கிய இடங்களில் மரம் நிற்க வழியில்லை. மரத்தைச் சுற்றி ஒன்றரை மீட்டர் ஆரம் மண்ணாகவே இருக்கட்டும், அதற்கு வெளியே வட்டத் திண்ணை கட்டி அதில் மொசைக் ஒட்டுங்கள். கூரையோடு ஒரே கை வேலையாகத் தெரியும், உட்காரவும் இடம்.

எந்தப் படம், எந்த நிறம்

நிறத்தில் ஒரு மருத்துவக் கட்டுப்பாடு இருக்கிறது. வண்ணக் கண்ணாடியோ வண்ணத் துணியோ மேலே இருந்தால் அடியில் நிற்பவர் முகம் அந்த நிறமாகும். மஞ்சள் கூரைக்கடியில் மஞ்சள் காமாலை தெரியாது, நீலக் கூரைக்கடியில் எல்லார் உதடும் நீலமாகத் தெரியும். கேஷுவால்டி முன்னாலும், நோயாளிகளை முதலில் பார்த்துப் பிரிக்கும் மேஜை இருக்கும் இடத்திலும், வெளிச்சம் வெள்ளையாகத்தான் விழ வேண்டும்.

படம் என்னவாக இருந்தாலும் அதற்கு ஒரே சொல்லில் பெயர் சொல்ல முடிய வேண்டும். "மயில் வாசல்", "மீன் வாசல்" என்று ஜனங்கள் சொல்ல ஆரம்பித்தால் பாதி வேலை முடிந்தது. படிக்கத் தெரியாதவருக்கும் அது வழிகாட்டி. அரூப வடிவம் வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. பயத்தோடு வருகிறவர் அதில் தன் பயத்தையே பார்ப்பார் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கூர்முனை, உற்றுப் பார்க்கும் கண், சிவப்புக் கறை மாதிரி படியும் வடிவம், இவற்றைத் தவிருங்கள். கட்சி நிறங்கள் இரண்டு மூன்று சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள், ஆட்சி மாறினால் பெயின்ட் டப்பா வரும். ஒரு மதத்தின் சின்னமும் வேண்டாம். ஊரின் சொந்தச் சரக்கு எங்கேயும் கிடைக்கும்: தூத்துக்குடியில் சங்கு, தஞ்சையில் நெற்கதிர்.

கலை ஒரு வேலையையும் செய்தால் நிற்கும் என்பதற்கு லண்டன் கைஸ் மருத்துவமனையின் 'பாய்லர் சூட்' நல்ல உதாரணம். வாசலுக்கு அருகே இருந்த கொதிகலன் கட்டிடத்தை 2007-இல் தாமஸ் ஹெதர்விக் ஸ்டுடியோ 108 அலையலையான எஃகுப் பின்னல் பலகைகளால் மூடியது. பின்னல் என்பதால் கொதிகலனுக்குக் காற்று போகும், வெளியே பார்ப்பவருக்கு அது வாசல் அடையாளம்.

டெண்டரில் எழுத வேண்டியவை

கலைஞரைத் தேர்ந்தெடுப்பதையும் கட்டுமான டெண்டரையும் ஒன்றாக்கினால் குறைந்த விலைக்காரர் கலைஞராகிவிடுவார். இரண்டையும் பிரித்து, கலைஞர் கட்டணத்தைத் தனி வரியில் வைத்து, கட்டுமான வரைபடம் முடிவதற்கு முன்பே அவரைப் பொறியாளரோடு உட்கார வைக்க வேண்டும். ஆக்சிஜன் டேங்க், குழாய்ப் பாதை இருக்கும் இடத்தை வரைபடத்தில் முதலில் குறித்து, அதற்கு அருகே துணியோ பாலிகார்பனேட்டோ வெல்டிங்கோ வராமல் விலக்குங்கள்.

100 சதுர மீட்டர் கூரையில் மணிக்கு 100 மி.மீ. மழை பெய்தால் 10,000 லிட்டர் இறங்கும், விநாடிக்குக் கிட்டத்தட்ட 3 லிட்டர். 110 மி.மீ. குழாய் இரண்டு, தூணுக்கு வெளியே, அடியில் திறந்து பார்க்கும் மூடியோடு. தூணுக்கு உள்ளே ஒளித்த குழாய் அழகுதான், இலை அடைத்தால் தூணை உடைக்க வேண்டும்.

மார்ச்சுக்குள் அஸ்திவாரம், ஜூனுக்குள் கூரை, ஆகஸ்டுக்குள் டைல்ஸோ துணியோ முடிந்தால் ஐப்பசி மழையில் குறை தெரியும். கடைசித் தவணை பத்து சதவீதத்தை அந்த மழை முடிந்து ஜனவரியில் கொடுங்கள். ஒப்படைக்கும்போது வாங்க வேண்டியவை: ஒவ்வொரு நிற டைல்ஸிலும் ஐந்து சதவீதம் மிச்சம், பசை, கிரவுட், சீலன்ட் இவற்றின் பெயரும் நிற எண்ணும், விரிவு இடைவெளி வரைபடம், டென்சைல் என்றால் இழுவை அளவு எழுதிய தாளும் மிச்சத் துணியும். இவை கலைஞர் வீட்டிலோ ஒப்பந்ததாரர் குடோனிலோ இல்லாமல், மருத்துவமனை ஸ்டோரில் பதிவேட்டில் ஏற வேண்டும்.